கவின் கலை மாணவர்களை இரண்டு மாத வேலைக்கு எடுப்பது: குன்னூர் பக்கம் யாருக்காவது அனுபவம் உண்டா?

கொழுந்துக்கூடை (குன்னூர்):

எல்லோருக்கும் வணக்கம். குன்னூர் பக்கம் சின்னதாக ஒரு தேயிலை பாக்கெட் யூனிட் நடத்துகிறேன், என்னையும் சேர்த்து ஏழு பேர். இந்த வருடம் நான்கு வகைத் தேயிலைக்கும் புதுப் பெட்டி போட வேண்டும், கடை வெளிச்சுவரில் ஒரு ஓவியம் வேண்டும், ஆன்லைனில் போடப் படங்களும் வேண்டும். ஒரு டிசைன் ஏஜென்சியில் விசாரித்தால் அவர்கள் சொன்ன தொகைக்கு நான் இன்னொரு பாக்கிங் மெஷினே இறக்கிவிடலாம். அதனால் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேரைக் கோடை விடுமுறைக்கு எடுக்கலாமா என்று யோசனை.

போன வருடம் ஒரு பையனை எடுத்துச் சூடு கண்ட பூனை நான், அதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல கை அவனுக்கு. "ஏதாவது அழகாகச் செய் தம்பி" என்று சொல்லிவிட்டு நான் சீசன் வியாபாரத்தைப் பார்க்கப் போய்விட்டேன். அவன் தேயிலைப் பூவும் மலையுமாக ஒரு லேபிள் வரைந்தான், பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். இரண்டாயிரம் அடித்து வந்த பிறகுதான் தெரிந்தது, உணவு உரிமத்தின் 14 இலக்க எண் போட இடமில்லை, பச்சைப் புள்ளிக்கும் இடமில்லை, எடைக்கும் விலைக்கும் மூலையில் ஒரு விரல் அகலம்தான். நான் கத்தினேன். ஒன்பதாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு மேட்டுப்பாளையம் பஸ் ஏறிவிட்டான். அந்த லேபிள்களின் பின்பக்கத்தில்தான் இன்றைக்கும் நாங்கள் பால் கணக்கு எழுதுகிறோம்.

எவ்வளவு கொடுக்கலாம், எந்த மாதம் எடுக்கலாம், அவர்கள் வரைந்தது யாருக்குச் சொந்தம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கடைசி வருடம் (கும்பகோணம்):

அண்ணா, தப்பாக நினைக்காதீர்கள், அந்தப் பையன் மேல் தப்பே இல்லை. 14 இலக்க எண் என்று ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும், அவனுக்கு எப்படித் தெரியும்? பெட்டியில் சட்டப்படி என்னென்ன வர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி முதல் நாளே கையில் கொடுத்திருந்தால் மூலையில் விரல் அகலம் வந்திருக்காது.

நான் விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் படிக்கிறேன். போன மே மாதம் கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதியில் டிசைன் வேலை என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் காலையில் விருந்தாளிகளுக்கு டீ, மதியம் சாவி வாங்கி வைப்பது, இரவு பதினொரு மணிக்கு "நாளைக்கு ஒரு போஸ்டர் போட்டுவிடு". சம்பளம் இல்லை, சான்றிதழ் உண்டு. அந்தச் சான்றிதழில் என் பெயரிலேயே எழுத்துப்பிழை. 45 நாள் வேலை செய்தும் என் போர்ட்ஃபோலியோவில் (செய்த வேலைகளைக் காட்டும் தொகுப்பு) வைக்க ஒரு பக்கம்கூடத் தேறவில்லை, எனக்கு அதுதான் ஆறவில்லை.

எங்களுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. முடித்துக் காட்டக்கூடிய வேலையாக ஒன்றைக் கொடுங்கள். நான்கு பெட்டி, ஒரு சுவர், படங்கள் எல்லாம் இரண்டு மாதத்தில் இரண்டு பேருக்கு அதிகம். ஒரு பெட்டியை முதலில் அச்சு வரைக்கும் கொண்டுபோய்ப் பார்க்கட்டும். தினமும் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். "நல்லா இருக்கு", "என்னமோ குறையுது", இந்த இரண்டையும் வைத்து நாங்கள் எதைத் திருத்துவது? "இந்தப் பெட்டியை வாங்குவது ஊட்டிக்கு வந்த டூரிஸ்ட் இல்லை, திருப்பூரில் மாதாமாதம் தபாலில் வாங்கும் குடும்பம்" என்று சொல்லுங்கள், அதை வைத்து வேலை செய்ய முடியும். பெட்டி அடியில் சின்ன எழுத்தில் எங்கள் பெயர் வந்தால் காசு கொடுத்ததற்குச் சமம் (காசும் கொடுங்கள்!).

அப்புறம் கம்ப்யூட்டர். நீங்கள் தருகிற பழைய மெஷினில் தமிழ் டைப் செய்தால் 'கொழுந்து' என்ற சொல்லில் கொம்பு இடம் மாறிப்போய் நிற்கும். இந்திய மொழிகளுக்கான அமைப்பை மென்பொருளில் மாற்றினால் சரியாகிவிடும், ஆனால் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் அச்சுக்குப் போகும் முன் பார்க்க வேண்டும். கொம்பு உடைந்த பெயர்ப்பலகை நம் ஊரில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

எனாமல் (ஊட்டி):

தம்பிகளா, நான் போர்டு எழுதுகிறவன். ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால் இந்த மலையில் பாதிக் கடைக்கு நான்தான் பெயர் எழுதினேன். பதினாறு வயதில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் மண்ணெண்ணெயில் பிரஷ் கழுவினேன், அப்புறம் ஆறு மாதம் நூல் அடித்துக் கோடு போட்டேன், அதற்குப் பிறகுதான் 'அ' எழுத விட்டார் மேஸ்திரி. எனக்கு யார் சம்பளம் கொடுத்தார்? கற்றுக்கொள்ள வருகிறவனுக்குக் காசு எதற்கு?

கடைசி வருடம்:

ஐயா, மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். அந்த ஒரு வருடம் எங்கே சாப்பிட்டீர்கள், எங்கே படுத்தீர்கள்?

எனாமல்:

மேஸ்திரி வீட்டில்தான். தீபாவளிக்குச் சட்டையும் எடுத்துக் கொடுப்பார். சரி, நீ கேட்பது புரிகிறது. போகட்டும், சோறும் படுக்கையும் இல்லாமல் கூப்பிடக் கூடாதுதான்.

ஆனால் சுவர் விஷயத்தில் நான் சொல்வதைக் கேளுங்கள். குன்னூரில் மேகம் இறங்கினால் இரண்டு நாளைக்குப் பெயின்ட் காயாது. ஓதம் ஏறிய சுவரில் வரைந்தால் ஒரு மழைக்காலம் போதும், அப்பளம் மாதிரி உரிந்துவிடும். சுண்ணாம்பைச் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து ஒரு மாதம் காய விட்ட பிறகு பிள்ளைகளை ஏற்றுங்கள். சாரம் கட்ட ஆள் வையுங்கள், ஏணியில் ஏற்றாதீர்கள்.

நான்கு கலர் (கோயம்புத்தூர்):

அச்சகக்காரன். சுருக்கமாகச் சொல்கிறேன். பழுப்பு கிராஃப்ட் அட்டையில் அடிப்பதாக இருந்தால் வெள்ளை மை தனியாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் திரையில் தளதளவென்று தெரிகிற பச்சை பெட்டியில் சேற்று நிறத்தில் வரும். நான்கு பக்கமும் வெட்டுக்கோட்டைத் தாண்டிப் படத்தை 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடச் சொல்லுங்கள். பசை ஒட்டும் மடிப்பில் படம் வேண்டாம். இதையெல்லாம் போனில் சொல்லிப் புரியாது, பிள்ளைகளை ஒரு நாள் மலையிறக்கி ஏதாவது ஓர் அச்சகத்தில் நிற்க வையுங்கள். பஸ் காசுக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

களிமண் (கோத்தகிரி):

கலைக் கல்லூரியில் பாடம் எடுத்தவள், இப்போது சொந்த ஊரில். முதலில் ஒன்று: 'ஆர்ட்ஸ் ஸ்டூடன்ட் வேண்டும்' என்று கேட்காதீர்கள். சென்னைக் கவின் கலைக் கல்லூரி 1850-இல் தொடங்கியது, கும்பகோணத்திலும் ஒன்று இருக்கிறது. ஓவியம், சிற்பம், விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் எல்லாம் தனித்தனித் துறை. பொதுவாகக் கேட்டால் சிற்பத் துறைப் பிள்ளை வந்து உங்கள் லேபிள் முன் முழித்துக்கொண்டு நிற்கும். பெட்டிக்கு டிசைன் பிள்ளை ஒன்று, சுவருக்கு ஓவியப் பிள்ளை ஒன்று என்று துறைத்தலைவருக்குக் கடிதம் எழுதுங்கள். வேலை என்ன, எத்தனை நாள், எவ்வளவு பணம், எங்கே தங்குவது, யார் பொறுப்பு என்று அதில் இருந்தால் போதும். மாதிரி ஒன்று வரைந்து அனுப்புங்கள் என்று இருபது பேரிடம் கேட்டு, அதிலிருந்து இலவசமாகப் பெட்டி தேற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் ஏற்கெனவே செய்ததைப் பார்த்தே முடிவு செய்யலாம்.

பணத்துக்கு ஓர் அளவுகோல்: தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டத்தின் 2019 விதிமாற்றத்தில் பட்டதாரிக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய் வைத்தார்கள். அந்தச் சட்டம் இந்தப் பிள்ளைகளை அப்படியே கட்டுப்படுத்தாது, ஆனாலும் தங்கும் இடம் போக அதற்குக் கீழே போகாதீர்கள்.

சொந்தம் யாருக்கு என்று கேட்டீர்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி சம்பள வேலையாள் வேலையின் பகுதியாகச் செய்தது முதலாளிக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். விடுமுறைக்கு வந்த மாணவர் வேலையாளா, இல்லையா என்பதில்தான் பின்னால் சண்டை வரும். எனவே உரிமையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை வருடத்துக்கு என்று எழுதாமல் விட்டால் ஐந்து வருடம் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். வரைந்தது நான் என்று சொல்லும் உரிமை எப்படியும் அவர்களிடமே இருக்கும், போர்ட்ஃபோலியோவில் வைக்கலாம் என்று நீங்களே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பெண் பிள்ளை வந்தால் இன்னொன்று. 2013-இன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கும் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைந்த இடத்தில் புகார் என்றால் மாவட்டத்தில் இருக்கும் குழுவுக்குப் போகலாம். அந்த விவரத்தை வந்த அன்றே சொல்லிவிடுங்கள், வீட்டில் அனுப்பிவைத்தவர்களுக்கும் நிம்மதி.

மந்துப் பக்கம் (ஊட்டி):

இடையில் ஒன்று. நீலகிரி என்றதும் வருகிற பிள்ளைகள் கூகுளில் தேடி, எங்கள் தோடர் பழங்குடியின் எம்பிராய்டரியில் வரும் சிவப்பு கறுப்புக் கோலத்தை அப்படியே எடுத்துப் பெட்டியில் ஒட்டிவிடுவார்கள். 2013-இலேயே புவிசார் குறியீடு வாங்கிய வேலை அது, எங்கள் பெண்கள் துணியின் இழையை எண்ணி எண்ணிப் போடுவது. வேண்டுமென்றால் வந்து கேளுங்கள், பேசி, பணம் கொடுத்துச் செய்யுங்கள். தேயிலைக்குத் தேயிலையையே வரைந்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

கொழுந்துக்கூடை:

எல்லோருக்கும் நன்றி. மேடம், கடிதத்தை இன்று ராத்திரியே எழுதுகிறேன். இரண்டு பேர், தலைக்கு 10,000, கடை மாடியில் சரக்கு வைக்கும் அறையைக் காலி செய்து தருவதாக இருக்கிறேன். மே மாதம் இங்கே வாடகைக்கு அறை தேடினால் அவர்கள் சம்பளம் முழுக்க அதற்கே போய்விடும். பஸ்ஸில் வந்தால், வெளியூர் வண்டிகளுக்கு எடுக்க வேண்டிய இ-பாஸ் தொல்லையும் இல்லை. பெட்டி நான்கு இல்லை, ஒன்று. மிச்ச மூன்றைப் பிறகு பார்ப்போம். தோடர் கோலம் பக்கம் போக மாட்டோம்.

அந்தப் பையனுக்கு நேற்று போன் செய்தேன். எடுக்கவில்லை. ஒன்பது நாள் சம்பளத்தை அப்போதே அனுப்பியிருக்க வேண்டும், இப்போது அனுப்பிவிட்டேன்.

எனாமல் ஐயா, நீங்கள் ஊட்டியிலேயே இருந்தால் ஒரு நாள் சுவரைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

எனாமல்:

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். சுவரைச் சுரண்டி வை. பிள்ளைகள் வந்ததும் ஒரு வாரம் என்னிடம் விடு, 'ழ' எழுதக் கற்றுத் தருகிறேன், இந்தக் காலத்தில் ஒருத்தனுக்கும் அந்தச் சுழி வருவதில்லை. பிரஷ் நானே கழுவிக்கொள்கிறேன்.