புதுப்பிப்பு: இஞ்சி லில்லி தழைக்கிறது, பூக்கவில்லை

இஞ்சிக் குடும்பத்துப் பூச்செடியான இஞ்சி லில்லியின் நடவு பற்றிய என் முந்தைய இழையில் பலரும் கேட்டது இதுதான்: ஆளுயரம் வளர்கிறது, ஏன் பூக்கவில்லை?

முதலில் தண்டை எப்படி வெட்டுகிறீர்கள் என்று பாருங்கள். பூங்கொத்து தண்டின் நுனியில்தான் வரும். உயரம் குறைக்க நுனியை வெட்டினால் அந்தத் தண்டில் பூ கிடையாது. ஒரு தண்டு ஒரே முறைதான் பூக்கும். கொத்து முழுதும் உதிர்ந்தபின் அடியோடு வெட்டுங்கள். பக்கத்துக் குருத்துக்கு இடமும் வெளிச்சமும் கிடைக்கும்.

அடுத்தது வெயில். அடர் நிழலில் இலைதான் மிஞ்சும். காலை வெயில் 3, 4 மணி நேரம் போதும். உச்சிவெயில் இலை ஓரத்தைக் கருக்கிவிடும். யூரியா வேண்டாம், தழைதான் பெருகும். மட்கிய எருவோடு சாம்பல்சத்து (பொட்டாஷ்) கொடுங்கள்.

நுனியில் பச்சைச் செதில்கள் அடுக்கிய கூம்பு தெரிந்ததும் மண் காயவே கூடாது. காய்ந்தால் மொட்டு விரியாமலே பழுப்பாகும். ஆனால் தொட்டியில் நீர் தேங்கினால் கிழங்கு அழுகும்; அமுக்கினால் கொழகொழவென்றிருக்கும் பகுதியை வெட்டி எறியுங்கள்.

கிழங்குகள் நெருக்கியடித்தால் பிரிக்கலாம். துண்டுக்கு 2, 3 முளைக்கண், மேலே 3 செ.மீ. மண், அவ்வளவுதான். பிரித்த ஆண்டில் பூ குறைந்தால் பதற வேண்டாம்.