குளிர்ப்பிரதேச ஆர்க்கிடுகளைச் சென்னை பால்கனியில் வளர்க்க முடியுமா?

கேள்வி: மயிலை மாடிவாசி

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஊட்டிக்குச் சென்றிருந்தபோது, பெரிய பூக்கள் பூக்கும் சிம்பிடியம் என்ற ஆர்க்கிடு மூன்று தொட்டிகளும், விரல் நீளமே உள்ள மஸ்டிவேலியா என்ற ஆர்க்கிடு ஒன்றும் வாங்கி வந்தேன். விற்றவர் "நிழலில் வைத்தால் எந்த ஊரிலும் வரும்" என்று உறுதி கூறினார். மயிலாப்பூரில் எங்கள் வீடு மூன்றாவது மாடியில் உள்ளது. பால்கனி கிழக்குப் பார்த்தது, காலை வெயில் ஒன்பதரை மணி வரை படும், அதன் பிறகு பச்சை வலையின் நிழல்தான்.

மஸ்டிவேலியா பன்னிரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. இலைகள் பச்சையாக இருக்கும்போதே அடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்துவிட்டன. சிம்பிடியங்கள் சாகவில்லை, ஆனால் வாழ்கின்றன என்றும் சொல்ல முடியவில்லை. வாங்கியபோது கோழிமுட்டை அளவில் இருந்த குமிழ்களுக்கு (இலைகளின் அடியில் சத்தைச் சேர்த்து வைக்கும் தடித்த தண்டுகள்) பக்கத்தில், இந்த ஆண்டு வந்திருக்கும் புதிய குமிழ் நெல்லிக்காய் அளவில்தான் இருக்கிறது. பூந்தண்டு ஒன்றுகூட இதுவரை எட்டிப் பார்க்கவில்லை.

அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பத்தைக் காட்டும் கருவி ஒன்றைத் தொட்டிகளின் அருகிலேயே தொங்கவிட்டிருக்கிறேன். கத்திரி வெயில் நாள்களில் பகல் 38, இரவு 28.5 வரை காட்டியது. தை மாதத்தில் மிகக் குறைந்த இரவு அளவு 21. தொட்டியில் தினமும் ஐஸ் கட்டி போடலாம், மண்தொட்டிக்கு மாற்றிக் காற்றாடி வைக்கலாம், வலையை இரட்டிப்பாக்கலாம் என்றெல்லாம் நண்பர்கள் சொல்கிறார்கள். இவற்றில் எது உண்மையில் பயன் தரும்?

பதில்: அடையாறு வேர்க்காரன்

ஐயா, நீங்கள் எழுதியவற்றில் மிகவும் பயனுள்ள தகவல் பகலின் 38 அன்று, இரவின் 28.5தான். சென்னையில் குளிர் ஆர்க்கிடுகளை அழிப்பது வெயில் என்றே பலரும் நினைத்து நிழலைக் கூட்டிக்கொண்டே போகிறோம். நானும் முதல் நான்கு ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். செடி பகலில் சேர்த்த மாவுச்சத்தை இரவில் மூச்சுவிட்டுச் செலவழிக்கிறது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் அந்தச் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். பத்துப் பன்னிரண்டு டிகிரி இரவுக்குப் பழகிய, மஸ்டிவேலியா போன்ற ஆண்டீஸ் மலை மேகக்காட்டுச் செடியை 28 டிகிரி இரவில் வைத்தால், அது வரவுக்கு மேல் செலவு செய்யும் குடும்பம் போல் ஆகிவிடுகிறது. உங்கள் குமிழ்கள் ஆண்டுக்கு ஆண்டு சிறுப்பதன் காரணமும் இதுவே. வலையை இரட்டிப்பாக்கினால் வரவும் குறையும். ஆகவே அதைச் செய்ய வேண்டாம்.

அடுத்து, பூ. கடைகளில் கிடைக்கும் பெரும்பூச் சிம்பிடியங்கள் இமயமலையிலும் அதன் கிழக்கே உள்ள மலைகளிலும் ஏறக்குறைய 1500 முதல் 2500 மீட்டர் உயரத்தில் வளரும் இனங்களின் வழிவந்த கலப்பினங்கள். பகலுக்கும் இரவுக்கும் நல்ல வேறுபாடும், சில வாரங்களுக்குத் தொடர்ந்து 10 முதல் 14 டிகிரி வரையிலான இரவுகளும் கிடைத்தால்தான் அவற்றில் பூந்தண்டு உருவாகும். உங்கள் தை மாதத்து 21 அதற்குக் கிட்டவும் வராது. டெண்ட்ரோபியம் நோபிலி என்ற ஆர்க்கிடின் நிலையும் இதுதான். அதற்குக் குளிரோடு வறட்சியும் வேண்டும், நமக்கோ ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை.

ஐஸ் கட்டி வேரை அரைமணி நேரம் அதிர்ச்சிக்குள்ளாக்குவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. காற்று குளிர வேண்டும், தொட்டியின் நடுப்பகுதி அன்று. மண்தொட்டியும் காற்றாடியும் நியாயமான யோசனைதான், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. மண்பானைத் தண்ணீர் மதுரையில் குளிர்வது போல் சென்னையில் குளிர்வதில்லை என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். காற்றில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் நீர் ஆவியாக மறுக்கிறது. 38 டிகிரி வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள பகலில், நீரை ஆவியாக்கி எவ்வளவு முயன்றாலும் 29 டிகிரிக்குக் கீழே இறக்க இயலாது. 28 டிகிரியும் 80 விழுக்காடும் உள்ள இரவில் கிடைப்பது மூன்று டிகிரிக்கும் குறைவு. எனவே அது பகலில் உயிர் காக்கும். இரவில், நமக்கு மிகவும் தேவையான நேரத்தில், கைவிட்டுவிடும்.

மொட்டை மாடிக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். பகல் முழுவதும் சூடேறிய கான்கிரீட் தளம் இரவு பத்து மணிக்கும் வெறுங்காலைச் சுடுகிறது. கடற்காற்று வரும் கிழக்குப் பால்கனி இந்த ஊரில் ஒரு வரம்.

பதில்: குரோம்பேட்டை கரித்துண்டு

மேலே உள்ள விளக்கம் சரியே. ஆனால் "சென்னையில் சிம்பிடியம் பூக்காது" என்று புதியவர்கள் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். என் வீட்டில் சிம்பிடியம் பூக்கிறது. அது கோல்டன் எல்ஃப் என்ற கலப்பினம். வெப்பம் தாங்கும் என்சிஃபோலியம் இனம் அதன் பெற்றோரில் ஒன்று. பூ சிறியது, மஞ்சள் நிறம், காலையில் கதவைத் திறந்ததும் மணம் கூடம் வரை வரும். நம் நாட்டுச் சிம்பிடியம் அலோயிஃபோலியம் இன்னும் முரடானது. தடித்த, வார் போன்ற இலைகளும் கீழ்நோக்கித் தொங்கும் பூங்கொத்தும் உடையது. அதைத் தொங்கு கூடையில்தான் வைக்க வேண்டும். வாண்டா டெசலேட்டா என்ற இன்னொரு நாட்டு ஆர்க்கிடோ செங்கல்பட்டு, புதுச்சேரிப் பக்கத்துக் காடுகளில் மரங்களின் மேல் தானாகவே வளர்வது. அதற்கு நம் மே மாதம் புதிதன்று. இவற்றை மரத்திலிருந்து பிய்த்து வராமல், வளர்த்து விற்பவர்களிடம் மட்டுமே வாங்குங்கள்.

தொட்டியில் செடியைச் சுற்றி நிரப்பும் கலவையைப் பற்றியும் ஒரு சொல். ஊட்டியிலிருந்து வரும் தொட்டிகளில் பெரும்பாலும் பாசியோ நார்த்தூளோ அடைத்திருக்கும். அது அங்கே சரி, இங்கே மழைக்காலத்தில் வேர் அழுகும். நான் அடுப்புக்கரி, ஓட்டுச்சில்லு, துண்டாக்கிய தேங்காய் மட்டை மூன்றையும் கலந்து, பக்கவாட்டில் ஓட்டையிட்ட மண்தொட்டியில் வைக்கிறேன். மட்டையை ஒரு வாரம் நீரில் ஊறவைத்து, தேநீர் நிறத்தில் இறங்கும் சாயத்தைத் தினமும் கொட்டிவிட்டுப் பயன்படுத்த வேண்டும்.

கேள்வியாளர்: மயிலை மாடிவாசி

இருவருக்கும் நன்றி. இப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். சிம்பிடிய இலைகளின் நுனி எல்லாம் அரை அங்குலத்துக்குக் கருகி, கருகிய பகுதியின் ஓரத்தில் மஞ்சள் கோடு தெரிகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் ஊற்றுகிறேன். அளந்து பார்த்ததில் உப்பளவு 1,400 பிபிஎம்மை (லிட்டருக்கு மில்லிகிராம்) தாண்டுகிறது. ஏசியிலிருந்து சொட்டும் நீரைப் பயன்படுத்தலாமா?

பதில்: அடையாறு வேர்க்காரன்

1,400 என்பது ஆர்க்கிடுக்கு மிக அதிகம். 200க்குள் இருந்தால் நல்லது. நுனிக்கருகலில் பெரும்பங்கு அதனால்தான் இருக்கும். ஏசி நீர் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து நீராகிச் சொட்டுவதால் அதில் உப்பு அநேகமாக இராது, தாராளமாக ஊற்றலாம். ஏசியை ரசாயனம் தெளித்துச் சுத்தம் செய்த பிறகு வரும் முதல் சில நாள் நீரை மட்டும் கொட்டிவிடுங்கள். உப்பே இல்லாத நீரில் சத்தும் இல்லை என்பதால், வாரம் ஒருமுறை மிக மெல்லிய உரக்கரைசல் தர வேண்டும். மாடியிலிருந்து இறங்கும் மழைநீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்தால் தை வரை கவலை இல்லை. கொசு வலை கட்ட மறந்துவிடாதீர்கள். ஆர்ஓ கருவி வெளியேற்றும் கழிவு நீரை மட்டும் தொடவே வேண்டாம், அதில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும்.

பதில்: சேர்வராயன் மலைக்காரி

நான் பிறந்தது ஏற்காட்டில், இருப்பது அண்ணா நகரில். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்ற கணக்கில் பார்த்தால், சென்னைக்கும் ஏற்காட்டுக்கும் இடையே ஒன்பது, பத்து டிகிரி வித்தியாசம். உங்கள் சிம்பிடியங்களுக்கு இங்கே எவ்வளவு செலவு செய்தாலும் அந்தப் பத்து டிகிரியை வாங்க முடியாது.

என் சிம்பிடியங்கள் இரண்டையும் அம்மா வீட்டுத் திண்ணையில் விட்டுவிட்டேன். முதல் ஆண்டு வேரும் குமிழும்தான் தேறின. இரண்டாம் ஆண்டு மார்கழியில் ஒரு தொட்டியில் தண்டு வந்தது. மலையில் உறவினரோ நண்பரோ இருந்தால் அனுப்பிவிடுங்கள் என்பதே என் கருத்து.

கேள்வியாளர்: மயிலை மாடிவாசி

கோத்தகிரியில் என் மைத்துனர் இருக்கிறார்; அடுத்த வாரம் சென்னைக்கு வருகிறார். பெரிய தொட்டிகள் இரண்டையும் அவருடைய காரிலேயே ஏற்றிவிடுகிறேன். மூன்றாவதை ஏசி நீரும் மண்தொட்டியுமாக இங்கேயே ஓர் ஆண்டு வைத்துப் பார்க்கப் போகிறேன். பூ வராது என்று தெரிந்தேதான், குமிழ் நெல்லிக்காயைத் தாண்டுகிறதா என்று அளப்பதற்காக. கரித்துண்டு அவர்களே, அந்தக் கோல்டன் எல்ஃபை அடுத்த முறை பிரிக்கும்போது ஒரு கன்று எனக்கு ஒதுக்க முடியுமா?