அம்மா காராக வந்த தொடர்

2011 குளிர்காலம். ஒஹாயோவில் ஒரு வீட்டின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி. அமெரிக்காவின் படு மோசமான தொடர்கள் என்று பேர் வாங்கியவற்றை யூடியூபில் தேடித்தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிவி கைட் இதழ் 2002-ல் போட்ட மோசமான நிகழ்ச்சிகளின் பட்டியலில் இரண்டாம் இடம் ‘மை மதர் த கார்’ தொடருக்கு. சரி, இதையும் பார்த்துவிடலாம் என்று போட்டேன்.

தொடக்கப் பாட்டு கேட்டதும் வீட்டுக்கார அம்மா கீழிருந்து மாடிப்படி ஏறி வந்துவிட்டார். கையில் பாத்திரம் துடைக்கும் துணி. கதவில் சாய்ந்து நின்று, மேல்சட்டத்தில் விரலால் தாளம் போட்டபடி பாட்டை ஒரு வார்த்தை பிசகாமல் பாடி முடித்தார். 1965-ல் அவருக்குப் பத்து வயதாம். செவ்வாய்க்கிழமை தவறாமல் பார்ப்பாராம்.

கதை இதுதான். ஜெரி வான் டைக் நடித்த டேவ், ஒரு வக்கீல். குடும்பத்துக்கு ஸ்டேஷன் வேகன் வாங்கப் போன இடத்தில் 1928 மாடல் போர்ட்டர் கார் ஒன்று நிற்கிறது. உள்ளே உட்கார்ந்து ரேடியோவைத் தொடுகிறான். டயல் விளக்கு மினுக்குகிறது, செத்துப்போன அம்மா பேசுகிறாள். அவனுக்கு மட்டும்தான் கேட்கும். மறுபிறவிக் கதைகளிலேயே வளர்ந்த எனக்கு இது கிறுக்குத்தனமாகத் தோன்றவில்லை. அம்மா மறுபடி வந்திருக்கிறாள், அவ்வளவுதானே!

அந்தக் காலத்தில் இதெல்லாம் புதிதும் இல்லை. பேசும் குதிரை, மூக்கசைத்து மந்திரம் செய்யும் மனைவி என்று தொலைக்காட்சியில் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தார்கள். பிரச்சினை அரைத்த மாவையே அரைத்ததுதான். காரோடு பேசும் டேவை யாராவது பார்த்துத் திகைப்பார்கள். காரைப் பறிக்க மன்சீனி என்ற சேகரிப்பாளர் ஏதாவது சூழ்ச்சி செய்வார். வாரா வாரம் இதே. என்பிசி சேனல் 30 எபிசோடோடு 1966 ஏப்ரலில் நிறுத்திவிட்டது.

ஆனால் அம்மாவின் குரல்! ஆன் சதர்ன். முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் ஹாலிவுட் நாயகியாக இருந்தவர். இதில் முகமே தெரியாது. கண்டிப்பு, கொஞ்சல், லேசான அலுப்பு எல்லாவற்றையும் குரலிலேயே கொண்டுவருகிறார். சிரிப்பொலி நாடா மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால் சில இடங்களில் நான் அழுதிருப்பேன்.

இன்னொரு விஷயம். இதை உருவாக்கிய இருவரில் ஒருவர் ஆலன் பர்ன்ஸ். ஜேம்ஸ் எல். புரூக்ஸும் இதற்குக் கதை எழுதியிருக்கிறார். 1970-ல் இதே பர்ன்ஸும் புரூக்ஸும் சேர்ந்து ‘த மேரி டைலர் மூர் ஷோ’வைக் கொடுத்தார்கள். அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களின் உச்சங்களில் ஒன்று அது. இந்தத் தோல்வியை வைத்து அவர்களை யாராவது ஒதுக்கியிருந்தால் அது கிடைத்திருக்காது.

அதற்கப்புறம் நிறுத்தப்பட்ட தொடர்களை வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினேன். 1982-ல் ஏபிசி சேனல் ஆறே எபிசோடில் முடித்த ‘போலீஸ் ஸ்குவாட்’, ஒரு துப்பறிவாளரை வைத்து வந்த அருமையான நகைச்சுவைத் தொடர். ரசிக்க வேண்டுமென்றால் கண்கொட்டாமல் பார்க்க வேண்டியிருக்கிறது, அதனால் நிறுத்துகிறோம் என்று சேனலின் பொழுதுபோக்குப் பிரிவுத் தலைவரே காரணம் சொன்னார். அதே துப்பறிவாளர் 1988-ல் ‘த நேக்கட் கன்’ படமாகத் திரும்பி வந்து சக்கைப்போடு போட்டார்.

வீட்டுக்கார அம்மாவும் நானும் கிடைத்த எபிசோட்களையெல்லாம் மார்ச்சுக்குள் பார்த்து முடித்தோம். கடைசி எபிசோட் ஓடிய இரவு அவர் உடனே எழுந்து போகவில்லை. முதல் எபிசோடையே மறுபடி போடச் சொன்னார். டயல் விளக்கு மினுக்கும் இடம் வந்ததும், “கொஞ்சம் சத்தமா வை” என்றார்.