சரயேவோ கொலைக்காக ஜெர்மனி ஏன் பெல்ஜியத்துக்குள் நுழைந்தது?

கேள்வி:
1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் கொல்லப்பட்டதைப் பள்ளியிலேயே படித்துவிட்டோம். ஆனால் பால்கனில் நடந்த கொலைக்காக ஜெர்மானியப் படை ஏன் பெல்ஜியத்துக்குள் நுழைய வேண்டும்? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
கொலைக்கும் போருக்கும் இடையில் ஒரு மாதம் இருந்ததை முதலில் கவனியுங்கள். என்ன நேர்ந்தாலும் துணை நிற்பதாக ஜூலை 5 அன்று ஜெர்மனி ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவுக்கு உறுதி கூறியது. அந்தத் துணிவில்தான் ஜூலை 23 அன்று, கொலைக்குப் பின்னால் செர்பியா இருப்பதாகக் கருதிய ஆஸ்திரியாவிடமிருந்து, 48 மணி நேரக் கெடுவுடன், அந்நாட்டுக்கு இறுதி எச்சரிக்கை போனது. பெரும்பாலான நிபந்தனைகளுக்குச் செர்பியா இணங்கியும், ஜூலை 28 அன்று ஆஸ்திரியா போர் அறிவித்தது. முதற்பொறுப்பு அந்த உறுதிமொழிக்கே என்பது என் கருத்து.

மறுமொழி 2:
ரஷ்யாவை விட்டுவிட்டீர்களே, ஐயா. செர்பியாவுக்குத் துணையாக ஜூலை 30 அன்று ஜார் மன்னர் முழுப் படைதிரட்டலுக்கு ஆணையிட்ட பிறகு பேச்சுவார்த்தைக்கு நேரமே இல்லாமல் போயிற்று. பெல்ஜியத்துக்கான விடை ஷ்லீஃபன் திட்டத்தில் இருக்கிறது: ரஷ்யப் படை திரள்வதற்குள், அதன் கூட்டாளியான பிரான்சைப் பெல்ஜியம் வழியாகச் சுற்றி வளைத்து வீழ்த்திவிட வேண்டும் என்று ஜெர்மானியத் தளபதிகள் பல ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டிருந்தனர். ஆகஸ்ட் 1 மாலை, படை முழுவதையும் கிழக்கே ரஷ்யாவை நோக்கித் திருப்ப முடியுமா என்று ஜெர்மானியப் பேரரசர் கைசர் கேட்டபோது, லட்சக்கணக்கானோரை ஏற்றிச் செல்லும் ரயில் ஏற்பாட்டை ஓரிரவில் மாற்ற இயலாது என்று தளபதி மோல்ட்கே மறுத்துவிட்டார். அந்த ஒரு காட்சி என்னை இன்றும் உலுக்குகிறது.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால், பெல்ஜியத்தின் நடுநிலைக்கு உறுதியளித்த 1839 லண்டன் ஒப்பந்தம்தான் ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டனையும் போருக்குள் இழுத்ததா?

மறுமொழி 2:
அது வெளிப்படையான காரணம். பிரான்ஸ் வீழ்ந்தால் ஆங்கிலக் கால்வாய்க்கு அக்கரை முழுவதும் ஜெர்மனியின் கைக்குப் போய்விடும் என்ற அச்சமும் அதே அளவுக்கு இருந்தது.