13ம் 18ம் கூட்டினா 31 வோல்ட்டாம்!

மொட்டைமாடி:
நேத்து ஒருத்தர் வீடியோ போட்டிருக்கார். "ஒரே டிஷ், முப்பது ரூபா ஸ்ப்ளிட்டர். ஒரு ஒயர் ஹால்ல இருக்குற பாக்ஸுக்கு, இன்னொண்ணு நேரா பெட்ரூம்ல ட்யூனர் உள்ளயே இருக்குற டிவிக்கு. தூர்தர்ஷனோட ஃப்ரீ டிஷ் ரெண்டு இடத்துலயும் ஓடும், அவ்ளோதான் மேட்டர்"னு அடிச்சு விடறார். கீழே கைதட்டல் வேற. வயித்தெரிச்சலா இருக்கு. அந்த ஸ்ப்ளிட்டரைப் பெருசு பண்ணிப் பாருங்க, மேலயே 5-1000 மெகாஹெர்ட்ஸ்னு அச்சடிச்சிருக்கு. அது கேபிள் டிவிக்காரர் சாமான். டிஷ்ல இருந்து இறங்குறது 950ல இருந்து 2150 வரைக்கும். ஃப்ரீ டிஷ்ல 11090னு ஒரு அலைவரிசை இருக்கு; டிஷ் முன்னாடி சிக்னலைப் பிடிக்கிற எல்என்பி அதுல 9750ஐக் கழிச்சிட்டு 1340ஆ கீழ அனுப்புது. 1000த்தோட நிக்கிற சாமான்ல 1340 எப்படிங்க ஒழுங்கா வரும்?

ஆன்டெனா அண்ணாச்சி:
தம்பி, மெகாஹெர்ட்ஸ் கணக்கெல்லாம் அப்புறம் பாப்போம். எல்என்பி ஓட கீழ இருந்துதான் கரண்ட் போகணும். பாக்ஸ் 13 வோல்ட் அனுப்புது. டிவி 18 வோல்ட் அனுப்புது. ரெண்டும் ஒரே ஒயர்ல மேல ஏறினா மொத்தம் 31. எல்என்பி தாங்குமா? புகைஞ்சிரும். தூத்துக்குடி பக்கம் நான் கழட்டிப் போட்ட எல்என்பி எத்தனைன்னு எனக்கே கணக்கு கிடையாது. வீடியோ போடுதவனுக்கு இது தெரியுமா?

மல்டிமீட்டர்:
31ஆ? அண்ணாச்சி, பேரலல்ல, அதாவது பக்கம் பக்கமா இணைச்சா, வோல்டேஜ் ஒண்ணோட ஒண்ணு சேராது. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு தண்ணித் தொட்டி, ஒண்ணு 13 அடி உயரம், ஒண்ணு 18 அடி. ரெண்டுலயும் இருந்து ஒரே குழாய்க்கு லைன் இறக்கினா 31 அடி வேகத்துலயா தண்ணி வரும்? 18 அடிதான் ஜெயிக்கும். நல்ல சாட்டிலைட் ஸ்ப்ளிட்டர்ல கரண்டை ஒரே பக்கமா விடுற டயோடு இருக்கும், பெரிய வோல்டேஜை மட்டும் மேல விடும். பிரச்சினை அங்கதான் ஆரம்பிக்குது. சிக்னல் நெட்டா, கிடையான்னு ரெண்டு விதமா வரும்; எல்என்பி எதை எடுக்கணும்னு வோல்டேஜ்தான் சொல்லும். 13 நெட்டா வர்ற வெர்டிகலுக்கு, 18 கிடையா வர்ற ஹாரிசான்டலுக்கு. ஹால்ல வெர்டிகல் சேனல் ஓடிட்டிருக்கும்போது பெட்ரூம் டிவி ஸ்கேன் பண்ண 18ஐ அனுப்பினா ஹால்ல படம் போயிடும். எல்என்பி எரியாது, வீட்டுக்காரம்மா எரிஞ்சு விழுவாங்க.

ஆன்டெனா அண்ணாச்சி:
தொட்டிக் கதையை பிளம்பர்ட்ட போய்ச் சொல்லும். நான் கேட்டது 31 வோல்ட். அதுக்குப் பதிலைக் காணோம்.

மல்டிமீட்டர்:
பதில்தான் மேல இருக்கு. 31 வராது.

ஆன்டெனா அண்ணாச்சி:
வராதுன்னா வராதா? வே, நீர் பொறக்கதுக்கு முன்னாடியே இரும்புக் குழாய் மேல யாகி ஆன்டெனா கட்டி, பூஸ்டர் மாட்டி, ஃபிளாட் ஒயர் இழுத்து ஊருக்கே இலங்கை டிவி ரூபவாஹினியைக் காட்டினவன் நான். மெட்ராஸ்ல தூர்தர்ஷன் 1975லயே வந்தாச்சு, எங்களுக்கு என்ன கிடைச்சுது? பொட்டியில வெறும் புள்ளி. 1982ல இலங்கைக்காரன் ஆரம்பிச்ச பொறவுதான் எங்க பக்கம் டிவின்னு ஒண்ணு ஓடிச்சு. 300 ஓம் ஃபிளாட் ஒயரை 75 ஓம் சாக்கெட்டுல சொருகப் பாலன்னு ஒரு சின்ன இணைப்புச் சாமான் வேணும்னு எந்த வீடியோவும் எனக்குச் சொல்லித் தரலை. அனுபவம் பேசுது, கேட்டுக்கிடும்.

புதுசா வந்தவன்:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கும் இதே பிரச்சினைதான். ஹால்ல ஃப்ரீ டிஷ் பாக்ஸ், ரூம்ல சாட்டிலைட் ட்யூனர் உள்ளயே இருக்குற டிவி. ட்வின் எல்என்பி வாங்கிடட்டுமா?

மொட்டைமாடி:
அண்ணாச்சி, ரூபவாஹினி இருக்கட்டும். ஸ்ப்ளிட்டர்ல மூணரை, நாலு டிபி (டெசிபல்) போயிடும். அதாவது பாதி சிக்னல் அவுட். வெயில் அடிக்கும்போது ஓடும், மழை வந்தா இந்த டிஷ் பிடிக்கிற கேயு பேண்ட் அலைவரிசைதான் முதல்ல படுத்துரும். இதை அந்த வீடியோக்காரர் ஏன் சொல்லல?

மல்டிமீட்டர்:
பாதி போயிடும்னு சும்மா பயமுறுத்தாதீங்க. எல்என்பி அம்பது டிபிக்கு மேல தூக்கி விட்டுத்தான் கீழே அனுப்புது. அதுக்கப்புறம் நாலு டிபி போனா என்ன கெட்டுப் போச்சு? பாக்ஸ் திரையில காட்டுற ஸ்ட்ரெங்த் பார் இறங்கும், குவாலிட்டி பார் அசையாது. கேபிள் ரொம்ப நீளமா இருந்தா மட்டும் கவலைப்படலாம். மழையில படம் போறதுக்குக் காரணம் டிஷ் சின்னதா இருக்குறது, இல்ல லேசாத் திரும்பிக் கிடக்குறது. நீங்க எந்த பாரைப் பார்த்துட்டுப் பாதின்னு சொல்றீங்க?

மொட்டைமாடி:
பாதின்னா பாதிதான். பாரா இருந்தா என்ன, மீட்டரா இருந்தா என்ன.

ஆன்டெனா அண்ணாச்சி:
பாத்தீரா, பாதின்னு அவரும் ஒத்துக்கிட்டாரு. பாதி சிக்னல், ரெட்டை வோல்ட்டு. எல்என்பி எப்படி வே தாங்கும்?

மல்டிமீட்டர்:
அவர் எதையும் ஒத்துக்கல, அவர் பேசுறதே வேற விஷயம். சரி, இப்பவே மாடியில அளந்துட்டு வந்தேன். எல்லா முனையிலயும் வோல்டேஜை மேல விடுற பவர் பாஸ் உள்ள 5-2400 மெகாஹெர்ட்ஸ் ஸ்ப்ளிட்டர். ஒரு பக்கம் பாக்ஸ் 13ல, இன்னொரு பக்கம் டிவி 18ல. டிஷ் பக்கத்து முனையில மீட்டர் காட்டினது 17க்குக் கொஞ்சம் மேல. டயோடு முக்கால் வோல்ட் கிட்ட முழுங்குது, மீதிதான் மேல போகுது. 31 எங்க அண்ணாச்சி? தேடித் தேடிப் பார்த்தேன்.

ஆன்டெனா அண்ணாச்சி:
மீட்டரு எந்த ஊரு சாமான்? நடைபாதையில வாங்கின மீட்டருன்னா 31ஐ 17ன்னுதான் காட்டும்.

பருத்தித்துறையான்:
அண்ணாச்சிக்கு ஒரு சின்ன விசயம். தூத்துக்குடியில ரூபவாஹினி தெளிவா வந்ததுக்கு உங்கட ஆன்டெனா காரணம் இல்லை. டிரான்ஸ்மிட்டர் நிண்டது இலங்கையில எங்கட பிதுருதலாகல மலையில, 2524 மீட்டர் உயரம். இடையில கடல், மறைக்க ஒண்டும் இல்லை. மலை செய்த வேலைக்கு நீங்கள் மாலை போட்டுக்கொள்ளுறியள். நாங்கள் இஞ்ச இருந்து உங்கட தூர்தர்ஷன் பார்த்தனாங்கள், அதுக்காக ஆரும் பெருமை பேசிக்கொண்டு திரியேல்லை.

ஆன்டெனா அண்ணாச்சி:
இதோ வந்துட்டாரு கடல் தாண்டி. வே, மலை உசரம்னா எங்க தெருவுல எல்லா வீட்டுலயும் படம் தெளிவா வந்திருக்கணும்லா? நான் கட்டின வீட்டுல மட்டும் முகம் தெரிஞ்சுது, மத்த வீட்டுலெல்லாம் மழை பெஞ்சுது. ஏன்?

மல்டிமீட்டர்:
தலைப்புக்கு வாங்க. நீங்க கழட்டின எல்என்பி எல்லாம் 31 வோல்ட்டுல செத்ததுன்னு எப்படித் தெரியும்? கேபிள் முனையைத் திருகி மாட்டுற எஃப் கனெக்டரைத் திறந்து பார்த்தீங்களா? நான் பார்த்த முக்கால்வாசி கேஸ்ல ரப்பர் மூடி கிடையாது, மழைத்தண்ணி இறங்கி நடுக்கம்பி பச்சை பிடிச்சுக் கிடக்கும். அதுவும் மேல செம்பு பூசின இரும்புக் கம்பி. பூச்சு போச்சுன்னா துரு. தொட்டாலே ஒடிஞ்சு கையோட வரும். கடலோர ஊர்னா சொல்லவே வேணாம். போன தடவை ஸ்டெபிலைசர் விவாதத்துலயும் இப்படித்தான் "என் அனுபவம்"னு ஆரம்பிச்சுக் கடைசியில அட்மினே பூட்டு போட்டார்.

ஆன்டெனா அண்ணாச்சி:
ஸ்டெபிலைசர் விவாதத்துல பதில் சொல்ல முடியாம ஓடினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். அதை இங்க கிளறாதீரும். கம்பி பச்சை பிடிச்சா சிக்னல்தான் போகும், எல்என்பி கருகாது. நான் பாத்தது கருகினது. உள்ள போர்டு கறுப்பு. எதனால? வோல்ட்டு கூடினதால. ரெண்டு பாக்ஸ், ஒரு ஒயர். நேர்ல பாத்தவன் சொல்லுதேன்.

மல்டிமீட்டர்:
போர்டு கறுத்தா இடியா இருக்கலாம், ஷார்ட்டா இருக்கலாம். டயோடு இல்லாத ஸ்ப்ளிட்டர்ல 18 வோல்ட் திரும்பி அடுத்த பாக்ஸுக்குள்ள இறங்கி, அந்த பாக்ஸோட பவர் சர்க்யூட்டைக் கெடுக்கலாம். அது கீழே நடக்குற சாவு, மேல இல்ல.

ஆன்டெனா அண்ணாச்சி:
ஆக, ஒண்ணு சாகும்னு நீரே சொல்லிட்டீரு. எது சாகுதுங்கதுலதான் சண்டை. போதும்.

மொட்டைமாடி:
அந்த 5-1000 விஷயத்துக்கு இன்னும் யாருமே பதில் சொல்லல. நான்தான் விவாதத்தையே ஆரம்பிச்சேன்னு ஞாபகப்படுத்துறேன்.

புதுசா வந்தவன்:
ட்வின் எல்என்பி பத்தி...

மல்டிமீட்டர்:
வாங்குங்க தம்பி. ரெண்டு முனை, ரெண்டு ஒயர், ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லை. பாக்ஸ் 13 கேட்டாலும் டிவி 18 கேட்டாலும் தனித்தனியாக் கிடைக்கும். ஒரு கேபிள் எக்ஸ்ட்ரா இழுக்கணும், அவ்வளவுதான்.

ஆன்டெனா அண்ணாச்சி:
டிவிக்குள்ளயே ட்யூனர்னு சொன்னப்பவே எனக்குச் சிரிப்பு வந்திச்சு. பாக்ஸ் கெட்டா பாக்ஸை மாத்தலாம், டிவிக்குள்ள கெட்டா என்ன செய்வீரு, சுவரோட பேத்து எடுத்துட்டு கடைக்குப் போவீரா?

மல்டிமீட்டர்:
டிவிக்குள்ள ட்யூனர் வைக்க இந்தியத் தர அமைப்பு பிஐஎஸ் 2022லயே தரநிலை போட்டாச்சு, ஐஎஸ் 18112. நீங்க இன்னும் ஃபிளாட் ஒயர்லயே நிக்கிறீங்க.

ஆன்டெனா அண்ணாச்சி:
தரநிலை டெல்லியில போடுவான், மழை இங்க பெய்யும். பொதிகைங்கற நல்ல பேரையே 2024ல மாத்தி டிடி தமிழ்னு ஆக்கினவங்க, அவங்க தரநிலையத்தான் நீர் நம்புவீரு.

மொட்டைமாடி:
பேர் மாத்தினதுக்கும் தரநிலைக்கும் என்ன சம்பந்தம்? அதைப் போட்டது பிஐஎஸ், தூர்தர்ஷன் இல்ல.

ஆன்டெனா அண்ணாச்சி:
எல்லாம் ஒரே அரசாங்கம்தான். பருத்தித்துறையாரே, எங்க ஒளிஞ்சீரு? தெருக் கேள்விக்கு இன்னும் பதில் வரல.

பருத்தித்துறையான்:
ஒளியேல்லை அண்ணாச்சி, இஞ்ச கரண்ட் நிண்டிட்டுது. மற்ற வீடுகளுக்கு ஆன்டெனா கட்டினது ஆர் எண்டு முதல் சொல்லுங்கோ.

ஆன்டெனா அண்ணாச்சி:
அது எங்கிட்ட வேலை பாத்துட்டுத் தனிக்கடை போட்டவன். அவன் பேரை இங்க எடுக்காதீரும்.