பிச்சாவரம் பற்றிய சிறுவர் பாப்-அப் புத்தகமும் துண்டுப்பிரசுரமும்: ஆய்வை எப்படிச் செய்வது?

புதுவை மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் புதுச்சேரியில் வடிவமைப்புப் படிப்பின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். இந்தப் பருவத்தில் இரண்டு வேலைகளைச் செய்து முடிக்க வேண்டும். ஆறு முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான, பக்கத்தைத் திறந்தால் தாள் உருவங்கள் எழுந்து நிற்கும் பாப்-அப் புத்தகம் ஒன்று. படகுத்துறையில் காத்திருக்கும் குடும்பங்களுக்குக் கொடுக்கத்தக்க துண்டுப்பிரசுரம் மற்றொன்று. இரண்டுக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டையே பொருளாக எடுத்துக்கொண்டேன். சிறுவயதில் அப்பாவுடன் துடுப்புப் படகில் போனபோது, தலைக்கு மேல் கிளைகள் மூடிய வாய்க்காலில் படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு எங்களைச் சும்மா உட்காரச் சொன்ன அந்த நிமிடம் இன்னும் நினைவில் இருப்பதுதான் காரணம்.

இதுவரை ஐந்து விரிபக்கங்களுக்கு வெள்ளைத் தாளில் டம்மி (சோதனை மாதிரி) செய்திருக்கிறேன். முதல் பக்கத்தில் சுரபுன்னையின் தாங்குவேர்கள் எழுந்து நிற்கும். இரண்டாவதில் படகு எழும். மூன்றாவதில் பக்க ஓரத்துத் தாள்பட்டையை இழுத்தால் மரத்திலேயே முளைவிட்ட நாற்று அம்புபோல் விழுந்து சேற்றில் குத்தி நிற்கும். நான்காவதில் ஆண் நண்டு தன் பெரிய கொடுக்கை ஆட்டும். ஐந்தாவதில் 2004 ஆழிப்பேரலையைக் காடு தடுத்து நிறுத்துவதுபோல் ஓர் அலையும் ஒரு மரச்சுவரும் எதிரெதிராக எழும்.

டம்மியைப் பார்த்த எங்கள் ஆசிரியர், பொறிகள் நன்றாக இருக்கின்றன, ஆனால் ஆய்வு இணையத்தில் கிடைத்த படங்களோடு நின்றுவிட்டது என்றார். அது உண்மைதான். ஆகவே மூன்று கேள்விகள். பிள்ளைகளுக்குச் சொல்லும் செய்திகளில் எவை பிழையானவை? கடற்காற்று அடிக்கும் ஊரில் எந்தத் தாளில் இதைச் செய்வது? புத்தகத்தின் படங்களையே சுருக்கித் துண்டுப்பிரசுரத்தில் போட்டால் போதுமா? மேலும், படகை மூடும்போது அதன் மேல்விளிம்பு புத்தகத்துக்கு வெளியே 12 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்கும் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

கிள்ளைப் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

அன்புள்ள மாணவிக்கு, முப்பது ஆண்டுகள் இந்தப் பகுதிப் பள்ளிகளில் அறிவியல் நடத்தியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். உங்கள் மூன்றாவது பக்கத்தையும் ஐந்தாவது பக்கத்தையும் மாற்றியே ஆக வேண்டும்.

நாற்று அம்புபோல் விழுந்து குத்தி நிற்கும் என்பதைப் பல ஆண்டுகள் நானும் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். நீர் வற்றி, சேறு வெளியே தெரியும் நேரத்தில் நேர்கீழே விழும் சில நாற்றுகள் அப்படி நிற்கலாம். பெரும்பாலானவை தண்ணீரில் விழுந்து, முதலில் படுக்கைவாட்டில் மிதந்து, நாள் செல்லச் செல்ல வேர்முனை கனத்து நிமிர்ந்து, ஓரிடத்தில் தரை தட்டியபின்தான் வேர்விடுகின்றன. இந்தப் பயணத்தில்தான் கதையே இருக்கிறது. ஒரே பட்டையை இழுக்கும்போது நாற்று விழுந்து, சாய்ந்து, மிதந்து, மீண்டும் நிமிர வேண்டும். அது கடினமான பொறி என்பதை அறிவேன். ஆனால் காட்டில் எது எப்படி அசைகிறதோ அது அப்படியே தாளிலும் அசைந்தால்தான் பிள்ளைக்கு அது பாடம், இல்லாவிட்டால் வெறும் வேடிக்கை.

மரங்களின் பெயர்களிலும் கவனம் தேவை. தாங்குவேர் ஊன்றி நிற்பது சுரபுன்னை. இங்கே அதைவிட மிகுதியாக இருப்பது வெண்கண்டல். அதன் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து பென்சில்களை நட்டுவைத்ததுபோல் மேல்நோக்கி நிற்கும். சுரபுன்னை உப்பை வேரிலேயே பெருமளவு தடுத்துவிடுகிறது. வெண்கண்டலோ உள்ளே வந்த உப்பை இலை வழியாக வெளியேற்றுகிறது. வெயில் நேரத்தில் அந்த இலையை நாக்கில் வைத்துப் பார்த்த எங்கள் பள்ளிப் பிள்ளைகள் அதை மறந்ததே இல்லை. ஆனால் கண்ட இலையையும் நக்கலாம் என்று ஒரு பிள்ளையும் எண்ணிவிடக் கூடாது. ஏனென்றால் அதே காட்டில் தில்லை மரமும் உண்டு. அதன் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரம் இதுதான் என்பதைத் துண்டுப்பிரசுரத்தில் எழுதினால், கோயிலுக்குப் போய்விட்டுப் படகேற வரும் குடும்பங்கள் நின்று படிப்பார்கள்.

ஐந்தாவது பக்கத்துக்கு வருகிறேன். அலை வந்த நாளில் இந்தப் பகுதியில் இருந்தவர்களுக்கு அதை வேடிக்கைப் படமாகப் பார்ப்பது எளிதன்று. மாண்டவர்களின் வீடுகள் இன்னும் இங்கேதான் உள்ளன. செய்தியும் நீங்கள் வரைந்த அளவுக்கு நேரானதன்று. 2005-இல் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் ஆய்வாளர்கள் 18 மீனவக் குப்பங்களை ஆராய்ந்து, காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் உயிரிழப்பு குறைவு என்று எழுதினார்கள். அதே புள்ளிவிவரங்களை எடுத்துக்கொண்ட வேறு சிலர், கடலிலிருந்து இருந்த தொலைவும் தரையின் உயரமுமே பெரும்பகுதிக் காரணம் என்று மறுத்தார்கள். எனவே காடு அலையின் வேகத்தைத் தணிக்க உதவும் என்று எழுதுங்கள்; சுவர்போல் நிறுத்திவிட்டது என்று எழுத வேண்டாம்.

அந்தப் பக்கத்துக்குப் பதிலாக ஒன்று சொல்லட்டுமா? முன்னாளில் பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டப்பட்ட இடங்களில் வெயில் பட்டு மண் காய்ந்து, தரை தாம்பாளம்போல் தாழ்ந்து, உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி உப்பேறி, ஒரு செடியும் முளைக்காத திடல்கள் உண்டாயின. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து, நடுவில் ஒரு பெருவாய்க்காலும் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களும் வெட்டினார்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள்போல் இருக்கும். ஏற்றத்தில் நீர் உள்ளே வந்து இறக்கத்தில் வெளியே போனதும் உப்பு தணிந்தது. நட்ட கன்றுகள் பிழைத்தன. பட்டையை இழுத்தால் முள்ளின் நடுவிலிருந்து கிளைகளுக்கு நீலம் பரவட்டும். மனிதர் கெடுத்ததை மனிதரே சீராக்கிய கதை, அதுவும் அவர்கள் ஊரிலேயே நடந்தது.

படகில் போகும்போது இருளர் மக்கள் இடுப்பளவு நீரில் கையால் துழாவி இறால் பிடிப்பதைப் பார்க்கலாம். அனுமதி கேட்காமல் அவர்களைப் படமெடுக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து பேசினால், நீர் ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் எந்த நூலிலும் இல்லாத நுட்பத்தோடு சொல்வார்கள்.

மஞ்சக்குப்பம் அச்சுக்காரர் எழுதியது:

வணக்கம் தங்கை. ஆசிரியர் ஐயா காட்டைச் சொல்லிவிட்டார். நான் தாளைச் சொல்கிறேன்.

முதலில் படகு. மடிப்புக்கு இணையாக எழும் பெட்டி வடிவத்துக்கு ஒரே கணக்குதான். நடுமடிப்பிலிருந்து நீங்கள் ஒட்டும் கோடு வரையுள்ள தூரத்தையும் பெட்டியின் உயரத்தையும் கூட்டினால், அந்தத் தொகை பக்கத்தின் அகலத்தைத் தாண்டக் கூடாது. பக்கம் 180 மில்லிமீட்டர், ஒட்டுக்கோடு 70-இல் இருக்கிறது என்றால், உயரம் 110-க்கு மேல் போகக் கூடாது. வெட்டுப் பிசகுக்கு 5 மில்லிமீட்டர் விட்டு 105-இல் நிறுத்துங்கள். உங்களுடைய 12 மில்லிமீட்டர் இந்தக் கணக்கில்தான் வந்திருக்கும். உயரம் குறையக் கூடாது என்றால் ஒட்டுக்கோட்டை நடுமடிப்பை நோக்கி நகர்த்துங்கள். படகு ஒடுங்கும், ஆனால் உள்ளே அடங்கும்.

அடுத்தது நார் திசை. இதைச் சொல்லாமல் விட்டதால் ஒரு முழு வேலையையும் திரும்பச் செய்திருக்கிறேன். ஆலைத் தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். நாரோடு மடித்தால் மடிப்பு கத்திபோல் வரும். குறுக்கே மடித்தால் மை வெடித்து வெள்ளை தெரியும். ஒரு மழைக்காலத்தில் அவசரமாகச் செய்த வாழ்த்து அட்டையில் தாளை மிச்சப்படுத்த உருப்படிகளைத் திருப்பி அடுக்கிவிட்டேன். ஐப்பசி ஈரத்தில் தாள் குறுக்குவாட்டில் விரிந்து, எழுந்து நிற்க வேண்டிய கோபுரமெல்லாம் ஒருபக்கம் சாய்ந்து நின்றது. ஐந்நூறு அட்டை குப்பைக்குப் போனது. பழி யார்மேலும் இல்லை, என் கைதான். நீங்கள் அடிப்பக்கங்களின் நார் திசையை நடுமடிப்புக்கு இணையாக வையுங்கள். எழும் உருப்படிகளில் முதன்மை மடிப்பு எதுவோ அதற்கு இணையாக வையுங்கள். திசை தெரியவில்லை என்றால் தாளிலிருந்து நீளவாட்டில் ஒன்றும் குறுக்குவாட்டில் ஒன்றுமாக ஒரே அளவில் இரண்டு கீற்று வெட்டி, நுனியைப் பிடித்துச் சேர்த்துத் தூக்கிப் பாருங்கள். அதிகம் தொங்குவது நாருக்குக் குறுக்கே வெட்டியது.

எழும் உருப்படிக்கு 230 முதல் 250 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அட்டை போதும். அதற்கு மேல் போனால் பிள்ளை பக்கத்தைத் திருப்பும்போது ஒட்டு விட்டுப்போகும். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் கிடைக்கிறதே, அதைப் போடலாமா என்று எண்ணுவீர்கள். 1959-இலிருந்து துணிக்கழிவுப் பருத்தியில் செய்கிறார்கள். அழகான தாள், நார் திசைத் தொல்லையும் அதில் அவ்வளவாக இல்லை. ஆனால் மேற்பரப்பு பஞ்சுபோல் இருப்பதால் நுண்ணிய எழுத்து பிசிறும், ஈரத்தையும் நன்றாகக் குடிக்கும். முகப்பு அட்டைக்கும் சேற்றுத் தரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள், இழுபட்டைக்கு வேண்டாம்.

தாங்குவேர்களை எழில் கருதி மெலிதாக வெட்டாதீர்கள். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த எதுவும் ஆறு வயதுக் கையில் ஒரு வாரம் நிற்காது. டம்மிக்கு மடிப்புக்கோடு போட மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா போதும், கத்திமுனை வேண்டாம். ஃபெவிகாலை விரலால் அப்பாமல் தூரிகையால் மெலிதாகத் தடவி, தடித்த புத்தகங்களுக்கு அடியில் ஒரு இரவு வையுங்கள். இருபக்க ஒட்டுப்பட்டை முதல் மாதம் நன்றாக இருக்கும். வெயில் வந்ததும் பசை கசிந்து பக்கம் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டுப் புள்ளிகளையும் எண்ணி வையுங்கள். இந்த வேலை முழுவதும் கையால் நடப்பது. பிற்காலத்தில் யாராவது ஆயிரம் பிரதி கேட்டால் விலையைத் தீர்மானிப்பது அந்த எண்ணிக்கைதான்.

துண்டுப்பிரசுரத்துக்கு ஏ4 தாளை மூன்றாக மடிப்பதென்றால் 99 மில்லிமீட்டராகச் சமமாகப் பிரிக்காதீர்கள். உள்ளே போகும் பகுதி 97, மற்ற இரண்டும் 100. இல்லாவிட்டால் உள்மடிப்பு இடித்து நடுவில் புடைத்துக்கொள்ளும்.

பழைய மாணவர் ஒருவர் எழுதியது:

இரண்டு சிறு சேர்க்கைகள். விழுந்து சாய்ந்து மிதந்து நிமிரும் நாற்றுக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மியூனிக்கில் வேலைசெய்த லோதர் மெகன்டார்ஃபரின் முறையைப் பாருங்கள். பின்புறம் பல நெம்புகோல்களைச் செப்புக் கம்பிச் சுருளால் கோத்து, ஒரே பட்டையில் பல அசைவுகளை அடுத்தடுத்து எழச் செய்தவர் அவர். கம்பிக்குப் பதில் தாள் வட்டுகளைப் பயன்படுத்தலாம். துண்டுப்பிரசுரத்தைப் பொறுத்தவரை, 1765-இல் லண்டனில் ராபர்ட் சேயர் வெளியிட்ட ஒற்றைத்தாள் விளையாட்டுகளில் மேலும் கீழும் திறக்கும் மடல்கள் மட்டுமே இருந்தன. ஒட்டுவேலை பெரிதாக இல்லை. மடலை மேலே தூக்கினால் நீர் ஏறிய காடு, கீழே விட்டால் நீர் இறங்கிய காடு. படங்களைச் சுருக்குவதைவிட இது பொருத்தம்.

இன்னொன்று: தமிழ் எழுத்தைத் துளையோ மடிப்போ வரும் இடத்தில் வைக்காதீர்கள். "கொ" என்ற எழுத்தின் கொம்பு இந்தப் பக்கமும் கால் அந்தப் பக்கமும் போனால், புதிதாக எழுத்துக் கூட்டும் பிள்ளை அதை "கெ" என்று படிக்கும். பக்க வடிவமைப்பு மென்பொருளில் (இன்டிசைன் போன்றவை) தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அதை மறந்ததால் என் இறுதியாண்டு நூலில் "கேணி" என்ற சொல்லில் கொம்பு இடம்மாறி வந்து, தேர்வாளர் எதிரே நின்று நான் விழித்தேன்.

புதுவை மாணவி எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கும் அண்ணாக்கள் இருவருக்கும் மிக்க நன்றி. ஆழிப்பேரலைப் பக்கத்தை எடுத்துவிட்டேன். மீன்முள் வாய்க்காலைச் செய்து பார்த்ததில், நீலத் தாள் கிளைகளுக்குள் ஒரே நேரத்தில் நுழைகிறது. நடுவாய்க்கால் நிறைந்தபின் கிளைகள் நிறைய வேண்டும் என்பதால் இரண்டு பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேற்பட்டை 30 மில்லிமீட்டர் நகர்ந்தபின் அடிப்பட்டையைக் கொக்கியால் இழுக்குமாறு அமைத்திருக்கிறேன்.

தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் அனுமதி பெற்று, கடலூர் முதுநகரில் உள்ள ஒரு தொடக்கப் பள்ளியில் நான்கு பிள்ளைகளிடம் டம்மியைக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். பட்டையில் அம்புக்குறி இருந்தும் மூவர் அதைத் தொடவே இல்லை. நேராகத் தாங்குவேர்களுக்குள் விரலை விட்டு, அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தார்கள். அங்கே நான் ஒன்றும் வரையவில்லை. ஒரு சிறுமி மட்டும், "நண்டு எங்கே போச்சு?" என்று கேட்டாள். ஆகவே நான்காம் பக்கத்து நண்டை முதல் பக்கத்து வேர்களின் அடிக்கு மாற்றுகிறேன். விரல் நுழையும் அந்த இடைவெளிக்கு 25 மில்லிமீட்டர் போதுமா என்று அச்சுக்கார அண்ணா சொல்ல வேண்டும்.

மஞ்சக்குப்பம் அச்சுக்காரர் எழுதியது:

30 வையுங்கள் தங்கை. வேரின் உட்புற மூலைகளைக் கூர்மையாக விடாமல் வளைவாக வெட்டுங்கள். கிழிசல் எப்போதும் மூலையில்தான் தொடங்கும்.