'கடலடித் தொல்நிலம்': ஒரு சொல் முன்மொழிவு

அன்புடையீர்,

கடலுக்கடியில் போய்விட்ட பழைய நிலப்பரப்புகளைத் தேடும் துறைக்கு 'மூழ்கிய நாகரிகம்', 'ஆழ்கடல் தொல்லியல்', 'கடல்கோள் நிலம்' ஆகிய மூன்று சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றும் கேட்க நன்றாகவே இருக்கின்றன. ஆயினும், இத்துறையில் மிகுதியாக ஆராயப்பட்ட இடங்களுள் ஒன்றான டாகர்லாந்தோடு (பிரிட்டனை ஐரோப்பாவோடு இணைத்திருந்து, இன்று வட கடலுக்கடியில் கிடக்கும் நிலம்) பொருத்திப் பார்த்தால் மூன்றுமே இடறுகின்றன.

1931ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் நார்ஃபோக் கரைக்கு அப்பால் இழுவலை இட்டுக்கொண்டிருந்த 'கொலிண்டா' என்ற படகின் வலையில், செடிகொடிகள் மட்கி இறுகிய முற்றா நிலக்கரிக் கட்டி ஒன்று ஏறி வந்தது. அப்பகுதி மீனவர்களுக்கு அது வலையைக் கிழிக்கும் தொல்லை மட்டுமே. படகின் தலைவர் அதை மண்வெட்டியால் உடைத்தபோது கடினமான ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால், மான்கொம்பில் செதுக்கி, ஒரு விளிம்பில் வரிசையாக முள் வெட்டிய, ஏறக்குறைய ஒரு சாண் நீளமுள்ள ஈட்டிமுனை. அந்தக் கரிப்படிவு நன்னீரில் உருவானது என்பது பின்னர் ஆய்வில் உறுதியானது. அதாவது, வலை இழுக்கப்பட்ட இடத்தில் ஒரு காலத்தில் சதுப்பும் அதன் ஓரத்தில் வேட்டையாடிய மனிதரும் இருந்திருக்கின்றனர். அங்கே நகரமும் இல்லை, கோட்டையும் இல்லை. ஒரு சாண் கொம்பைக் கையில் வைத்துக்கொண்டு 'நாகரிகம்' என்று எழுதினால், படிப்பவர் மனத்தில் உடனே மாடமாளிகை எழுந்துவிடும். நம்மவர் மனத்தில் சற்று விரைவாகவே எழும். அப்போது பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இருந்த தொல்லியலாளர் வின்ஸ் காஃப்னியின் குழுவினர், எண்ணெய் எரிவாயுத் தேடலுக்காக எடுக்கப்பட்ட நில அதிர்வு அலைத் தரவுகளைக் கொண்டு அங்கே வரைந்து காட்டியவையும் ஆறுகள், ஏரிகள், பழைய கரையோரங்கள்தாம். எனவே சொல்லின் நடுவே 'நிலம்' நிற்க வேண்டும்.

'ஆழ்கடல்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டாகர்லாந்தின் உயர்ந்த பகுதியாக இருந்த டாகர் மேட்டின் சில இடங்களில் நீரின் ஆழம் 15 மீட்டர் அளவுதான்.

'கடல்கோள்' அப்படி எளிதில் தள்ளக்கூடியதன்று. 'குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள' என்ற சிலப்பதிகார அடியின் வலு அதற்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் 2004க்குப் பிறகு 'ஆழிப்பேரலை'யோடு சேர்ந்து அதுவும் சுனாமியைக் குறிக்க வழங்குகிறது. திடீரென்று நேர்வது என்ற பொருள் அதில் ஏறிவிட்டது. டாகர்லாந்தோ பல்லாயிரம் ஆண்டுகளாகக் கரைந்த நிலம். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்வாக இருந்தது. பனிப்பாறைகள் உருக உருகக் கடல் மேலேறியது. ஏறத்தாழ 8,150 ஆண்டுகளுக்கு முன் நார்வேக்கு அப்பால் நிகழ்ந்த ஸ்டோரெக்கா கடலடிச் சரிவு எழுப்பிய பேரலைக்கு வேண்டுமானால் 'கடல்கோள்' மிகப் பொருத்தமான சொல்.

எனக்கு உண்மையான சிக்கல் 'மூழ்கு' என்ற வினையில் இருக்கிறது. நிலம் மூழ்கியது என்றால் நிலம் கீழே போனது போலத் தொனிக்கிறது. டாகர்லாந்தில் பெரும்பாலும் கடல்தான் மேலே வந்தது. எகிப்தின் அபூகீர் விரிகுடாவில் கடலடித் தொல்லியலாளர் ஃபிராங்க் கோடியோ 2000இல் கண்டறிந்த பழைய துறைமுக நகரமான தோனிஸ்-ஹெராக்ளியன் இதற்கு நேர்மாறு. அங்கே நீர் ஊறிய களிமண் இளகி, மேலிருந்த கட்டடங்களோடு நிலமே தாழ்ந்தது. ஆகவே முதல் வகைக்குக் 'கடலேறு நிலம்' என்றும், இரண்டாவதற்கு 'அமிழ்நிலம்' என்றும் இருவேறு சொற்களை முன்மொழிகிறேன். கடலேற்றம் என்றால் அன்றாட நீரேற்றத்தோடு குழம்பாதா என்று கேட்கலாம். அதற்குத் தமிழகத்தில் ஓதமும் இலங்கையில் வற்றுப்பெருக்கும் இருப்பதால் பெரிய இடர் வராது என்று கருதுகிறேன்.

கடல் ஏறுவதும் நிலம் தாழ்வதும் ஒருங்கே நிகழும் இடங்களும் உண்டு. பனியுகத்தில் நிலத்தை அழுத்திய பனிச்சுமை நீங்கியதால் இன்றும் ஸ்காட்லாந்து உயர, தென்னிங்கிலாந்து தாழ்கிறது. அத்தகைய இடங்களுக்கும், காரணம் முடிவாகாத இடங்களுக்கும் பொதுச்சொல்லாகக் 'கடலடித் தொல்நிலம்' இருக்கட்டும். பூம்புகாருக்கு அப்பால் 23 மீட்டர் ஆழத்தில் காணப்பட்ட குதிரை லாட வடிவ அமைப்பைப் பற்றி எழுதும்போதும், அது கிடக்கும் தரைக்கு இந்தப் பொதுச்சொல்லையே ஆளலாம். நிலவியலார் முடிவு சொல்லும் முன் அகராதி முந்திக்கொள்ளக் கூடாது.

புணர்ச்சி விதிப்படி 'தொன்னிலம்' என்றே வர வேண்டும் என்பதை அறிவேன். பொருள் சட்டென விளங்குவதற்காகப் பிரித்தே எழுதியிருக்கிறேன். துறைப்பெயரைத் 'தொல்நிலவியல்' என்று நீட்டினால் நிலவியலோடு மயங்கும் என்பதால் 'கடலடித் தொல்நில ஆய்வு' போதும். 'டாகர்லாந்து' என்பதை மொழிபெயர்க்க வேண்டாம். அது தொல்லியலாளர் பிரையனி கோல்ஸ் 1998இல் இட்ட பெயர். அதிலுள்ள 'டாகர்' அக்கடலில் மீன்பிடித்த டச்சுப் படகு வகையொன்றின் பெயர்.